சடையனுக்குப் போன மேற்கோள்கள்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்த சடையனின் மகன் அரியமுத்து, வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கினான். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்பும்போது தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரையும் முழுசாக எழுதினான். கடைசியில் வருவதுதான் ஆளின் பெயர் என்று எண்ணிய வெள்ளைக்காரர்கள், "சடையன் கண்ட முறை" என்றே மேற்கோள் காட்டினார்கள்.

1983இல் பேராசிரியர் வேலைக்கு நேர்காணல். தேர்வுக்குழுவினர் மேற்கோள் பட்டியலைப் புரட்டினார்கள்.

"இதெல்லாம் சடையனோடது. உங்களோடது எங்கே?"

"அது எங்கப்பா பேருங்க சார்."

"அப்பா என்ன பண்றார்?"

சொன்னான். சிரித்தார்கள். வேலை வேறொருவனுக்குப் போயிற்று.

சடையனை ஊரில் எந்தப் பெரிய மனுஷனும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "டேய்"தான். படித்த பெரிய மனுஷர்களும் சடையன் மகனுக்கு ஒரு பெயர் இருப்பதையே ஒப்புக்கொள்ளாமல் அதையேதான் செய்தார்கள். என்ன, "வாங்க, உட்காருங்க" என்று நாற்காலி போட்டுச் செய்தார்கள்.