லாரிக்கு அடியிலிருந்து பேசியது

அந்த அம்மாவுக்கு எங்கள் தெருவில் பம்பரம் என்று பெயர். ஓரிடத்தில் நிற்க மாட்டார். உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பத்து வருஷம் ஆஸ்பத்திரியில் தையல் போடும் அறையில் நர்ஸாக இருந்தவர். கிழிந்த புருவம், உடைந்த மூக்கு என்று வந்ததில் பாதி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். தைத்துத் தைத்து அலுத்துப்போய், கை ஓங்குவதற்கு முன்னாலேயே பிடிப்போம் என்று வேலையை விட்டார். நூலகத்து மாடியில் அந்த வயசுப் பிள்ளைகளுக்குக் கோபத்தை அடக்க வகுப்பு எடுக்கிறார்.

என் மகள் கூடப் படிக்கிறவளின் பல்லை உடைத்தாள். பம்பரம் எடுக்கிற எட்டு நாள் வகுப்புக்கும் போக வேண்டும், ஒன்று தவறினாலும் டி.சி. என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது வகுப்பில் பம்பரம் நடத்தியது இது: மனசில் இருப்பதை எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கிருந்தோ வந்த பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்ததாம். அன்று நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மகள் எதிரே வந்து நின்றாள். இமைக்காமல் பார்த்தாள். "நீங்க கத்துறப்ப எனக்கு யாரையாவது அடிக்கணும்போல இருக்குப்பா" என்றாள். அப்பனையே முறைக்கிறாயா என்று விட்டேன் ஒரு அறை. இனி வகுப்பு கிடையாது என்றும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பம்பரம் நான் வேலை பார்க்கும் லாரி ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார். நான் லாரிக்கு அடியில் கிடந்தேன். அவருடைய செருப்பு மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது.

"அண்ணே, இன்னைக்கு அவ வரலைன்னா பள்ளிக்கூடம் போச்சு."

"போகட்டும். முறைக்கச் சொல்லித்தர்றதுக்கு ஒரு வகுப்பா?"

"தப்பு என்னோடதுதான். ஆஸ்பத்திரில எங்கிட்ட வந்தவங்க பாதிப்பேரு அரை மயக்கத்துல இருப்பாங்க. கண்ணப் பாத்தா கோவம் வரும்னு எனக்கு எங்க தெரியும்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"எப்படிச் சொல்லியிருந்தா அடிச்சிருக்க மாட்டீங்க? அதச் சொல்லுங்க. பாடத்த மாத்திடறேன்."

நட்டைத் திருகியபடி யோசித்தேன். "மூஞ்சிக்கு நேரா வராம, பக்கத்துல ஏதாவது வேலை பாத்துக்கிட்டே சொல்லியிருந்தா..."

"இப்ப நாம பேசுற மாதிரியா?"

செருப்பு நின்றுவிட்டது. அந்த அம்மா நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்.

மூன்று மணிக்கு மகள் வந்தாள். பம்பரம்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

"பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எடு" என்றேன், அடியிலிருந்தே. கொடுத்தாள்.

"நேத்து அடிச்சது இன்னும் வலிக்குதுப்பா."

நட்டு இறுகித்தான் இருந்தது. மறுபடியும் இறுக்கினேன். வெளியே வந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"அடிச்சிருக்கக் கூடாதுதான்" என்றேன், லாரி அச்சைப் பார்த்து.

அவள் நகரவில்லை.

"கெளம்பு. நாலு மணிக்கு வகுப்பு."

ஓடுகிற சத்தம் கேட்டது. சாயங்காலம்வரை எனக்கு வேலை ஓடவில்லை. அவள் திரும்பி வந்தால் வேறென்ன சொல்வது என்று தெரியாமல், கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.