சுவருக்கு அந்தப் பக்கத்துக் குருவிகள்

திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கொல்லைக்கும் பக்கத்து வீட்டுக் கொல்லைக்கும் நடுவே தோள் உயரச் சுவர். அந்தப் பக்கம் சிட்டுக்குருவிகள் வந்தன. என் பக்கம் காகம் வந்தது. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டுக் கோடை முழுவதும் எனக்கு முக்கியமான செய்தி இது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு வெட்டுபவர். காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் எதிரெதிரே இரண்டு ஓட்டை போட்டு, ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே செருகி, உள்ளே கம்பு நிரப்பி, முருங்கை மரத்தில் தொங்கவிட்டிருந்தார். குருவி கொத்தக் கொத்தக் கம்பு கரண்டியில் சரியும். ஐந்து நிமிட வேலை.

நான் ஒரு தினசரியில் உதவி ஆசிரியர். மாலையில்தான் வேலை என்பதால் காலை முழுவதும் கொல்லையில் இருப்பேன். பறவைகளைப் பற்றிப் படித்தவன் நான், அவர் படித்தவரில்லை. கொட்டாங்குச்சியைத் தேய்த்து வழவழப்பாக்கி, அளவெடுத்து மூன்று துளை போட்டு, தராசுத் தட்டு மாதிரி சமமாகத் தொங்கவிட்டேன். கம்போடு தினையும் வைத்தேன். வருகிற பறவைகளை நோட்டில் நேரம் போட்டு எழுதினேன். அவர் பக்கம் குருவி, மைனா, ஒருநாள் இரண்டு சில்லைகள். என் பக்கத்துக்கு ஒரே சொல் போதுமாக இருந்தது.

"இன்னா சார், இன்னிக்கும் காக்காதானா?" என்று சுவருக்கு மேலாக எட்டிப்பார்ப்பார்.

"அதுவும் பறவதான்."

"அதான் சார். பேப்பர்காரர் வூடுன்னு தெரிஞ்சி நூஸ் குடுக்க வந்துகினு கீது."

அவர் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பிறகு அவர் பழைய மரப்பெட்டிப் பலகைகளை அடித்து ஒரு கூண்டு செய்து, சுவரை ஒட்டிய சன்ஷேடுக்குக் கீழே மாட்டினார். கை நுழையும் அளவு வாசல். ஒரு ஜோடி குடிவந்தது. இரண்டு குஞ்சுகள். என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, சோறு பரிமாறும்போதெல்லாம் அதைப் பற்றியே பேசினாள்.

அந்த வாரம்தான் நான் மீன் கழுவ ஆரம்பித்தேன். அதுவரை மனைவி சமையலறையில் செய்த வேலை. காசிமேட்டிலிருந்து வாங்கிவந்த காரப்பொடி மீனையும் அரிவாள்மனையையும் எடுத்துக்கொண்டு கொல்லைச் சுவரோரம் உட்கார்ந்தேன்.

"இன்னாங்க, ஆபீஸ்ல வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களா?" என்றாள்.

செதிலையும் குடலையும் சுவர்மேல் வைத்தேன். காகங்கள் கூட்டமாக வரும், அவர் பாட்டில் பக்கம் குருவி அண்டாது, திட்டம் அவ்வளவுதான். பலித்தது. "காக்கா ஜாஸ்தியாயிட்ச்சு சார், ஒரே பேஜாரு" என்றார். நான் தலையாட்டினேன்.

நான்காம் நாள் பூனை வந்தது. குடலைத் தின்றது. சுவர்மேல் உட்கார்ந்து காலை நக்கியபடி கூண்டைப் பார்த்தது. அது பார்த்ததை நானும் பார்த்தேன். விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை.

மறுநாள் காலை அவர் கூண்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். "ரெண்டும் போச்சு சார். வாசல நான் பெருசா வெட்டிட்டேன். என் தப்புதான்."

'பூனை தாக்கி இரண்டு குஞ்சுகள் பலி' என்று நோட்டில் எழுதினேன். எந்த ஆசிரியரும் கைவைக்காமல் அச்சுக்கு அனுப்பக்கூடிய வரி. பூனையை வரவழைத்தவர் யார் என்பது அதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து அதே கூண்டைச் சுவருக்கு மேலாக நீட்டினார். வாசலில் சின்ன வட்டம் வெட்டிய தகடு ஒன்றை அடித்திருந்தார். "உன் பக்கம் மாட்டிக்க சார். எனக்குக் கை ராசியில்ல. நீ நோட்டெல்லாம் போட்டுப் பாக்குற ஆளு."

சொல்லிவிட அதுதான் நேரம். எவ்வளவு உயரத்தில் ஆணி அடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் ஒரு ஜோடி வந்தது. பழைய ஜோடியா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நான் பட்டதை இனி அவர் படட்டும் என்று காத்திருந்தேன்.

"வந்துச்சா சார்?"

"வந்திருக்கு."

சுவரில் கையூன்றி எம்பினார். "யம்மே, இங்க வாயேன்! சார் வூட்டுக்குக் குருவி வந்துகீது!" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவர்கள் இருவரும் கூண்டைப் பார்த்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், பிழை திருத்துகிறவன் பார்ப்பதுபோல. பொறாமை இருக்கும், மூலையிலாவது இருக்கும் என்று தேடினேன். இல்லை.

இறங்கும்போது குரலைத் தாழ்த்தி, மனைவிக்குக் கேட்காமல் சொன்னார்: "மீன மட்டும் வூட்டுக்குள்ளயே கழுவிக்க சார்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கூண்டைக் கொடுத்திருக்கிறார்.

"சரி" என்றேன். கூண்டுக்குள்ளிருந்து குருவிச் சத்தம் கேட்டது. நான் விரும்பியபடி எல்லாம் என் பக்கம் வந்துவிட்டன. அப்போதும் நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.