ஒழுகாத தார்ப்பாய்

ஆடி அமாவாசைத் திருவிழாவுக்குக் காரையாற்றுக் காட்டுக் கோயிலில் குடும்பத்தோடு தங்கக் கூடாரம் வாங்கப் பேத்தியுடன் போனேன். கடையில் விரித்துக் கட்டியிருந்த கூடாரத் துணியின் ரப்பர் வாசம் என்னை ஒன்பது வயதுக்கு இழுத்துப்போனது.

அன்று அப்பா புதுத் தார்ப்பாயை வாசலில் கட்டி, அடியில் ஐந்து வயதுத் தங்கை செல்வியை உட்காரவைத்து, மேலே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்.

"ஏட்டி, நனையுதியா?"

"ஒரு சொட்டு விழலப்பா!"

அதே காட்டில் சதுர்த்தசியன்று விடாத மழை. தார்ப்பாய் ஒழுகவில்லை. சரிவில் வந்த தண்ணீர் தரைவழியே புகுந்து, மூச்சு இளைப்புக்காரியான செல்வியின் பாயை நனைத்தது. பிரதமையன்று காய்ச்சல். பஞ்சமியன்று அவள் இல்லை.

"தார்ப்பாய் ஒழுகலியே, லே" என்று அப்பா சாகும்வரை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேணும்னா தண்ணி ஊத்திக் காட்டுதேன், அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். பேத்தி கூடாரத்துக்குள் ஓடி உட்கார்ந்துகொண்டு, "ஊத்துங்க!" என்று சிரித்தாள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை.