ஓட்டமும் குடியும்

என் காடியின், அதான் காரின், திரையில் 6.8 என்று காட்டியது. என் கணவரின் பழைய காடியில் 12. எங்கள் வீட்டில் சண்டை மூள அது போதாதா?

பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஜொகூர் பாருவில் எனக்கு ஓர் அலுவலக வேலை கிடைத்தது. வீடு சிம்பாங் ரெங்கத்தில். தினமும் நெடுஞ்சாலையில் போய்வர ஒரு சின்னக் காடி வாங்கிக்கொண்டேன். அவர் ஒருநாள் அதில் ஏறி உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"அலமாக்! லிட்டருக்கு ஏழுகூட ஓடல. இப்படி எண்ணெ குடிச்சா கட்டுப்படியாகுமா? பேசாம வேலைய விட்டுடும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வருட ஆசை அந்த வேலை! விட மனமில்லாமல், பெட்ரோல் எண்ணெயை மிச்சம் பிடிக்க ஏர்கோன் போடாமல் ஓட்டினேன். வேர்த்து விறுவிறுத்து அலுவலகம் போய்ச் சேர்ந்தால் திரையில் 6.5. இன்னும் இறங்கிவிட்டதே என்று அழாத குறை.

அப்புறம்தான் உறைத்தது. ஏர்கோனை நிறுத்தினால் எண்ணெய் மிச்சமாகத்தானே வேண்டும்? எண் ஏன் இறங்குகிறது? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில், நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருந்தது. லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்றே கேட்டுப் பழகிய எங்கள் கண்ணில் அது படவே இல்லை.

திரையை நம்பாமல் நானே கணக்குப் போட்டேன். தொட்டியை நிரப்பி, தூரக் கணக்கைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, ஏர்கோன் போட்டே ஓட்டினேன். 440 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி நிரப்பினேன். 30 லிட்டர் பிடித்தது. 440ஐ முப்பதால் வகுத்தால் லிட்டருக்கு 14.6க்கு மேல்! நூறை 6.8ஆல் வகுத்தாலும் அதே விடைதான்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அவரைப் பிடித்தேன்.

"உங்க காடி ஓட்டத்தச் சொல்லுது, என் காடி குடியச் சொல்லுது. குடி கொறைஞ்சாதாங்க நல்லது. உங்களோடத என் கணக்குல போட்டா எட்டுக்கு மேல வருது. இப்ப சொல்லுங்க, யாரு குடிகாரன்?"

அவர் சிரிக்கவில்லை. கைப்பேசியில் வகுத்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் வகுத்தார்.

"அப்ப எண்ணெ பிரச்சின இல்ல?"

"இல்ல."

"அப்படின்னா வேற என்ன சொல்லித்தான் உன்ன நிறுத்துறது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏங்க நிறுத்தணும்?"

"அந்த ரோட்டுல லாரிங்க போற போக்கப் பாத்தியா? நீ வர்ற வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடல லா."

கோபமும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. "இத முதல்லயே சொல்றதுக்கென்ன? நான் வேலைய விடமாட்டேன். போய்ச் சேந்ததும் போன் பண்றேன், போதுமா?" என்றேன். 

மறுநாள் காலை ஜொகூர் பாருவில் காடியை நிறுத்திவிட்டு அழைத்தேன். மணி ஒருதடவை முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.