ஜெட் இன்ஜினை எடுத்தது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு திருட்டு நடந்துவிட்டது. பூட்டு உடையவில்லை, அலமாரி கலையவில்லை. போனது ஒரு ஜெட் இன்ஜின்!

சிரிக்காதீர்கள். என் மகள் தர்ஷினி அன்று அழுத அழுகையைக் கேட்டிருந்தால் நீங்களும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடியிருப்பீர்கள்.

விஷயம் இதுதான். பிள்ளைகள் விளையாடும் ஒரு கேம். சக்கரம், சீட், இன்ஜின் என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி நாமே ஒரு காடி செய்ய வேண்டும். அதை ஓட்டிக்கொண்டு மலை உச்சிக்குப் போக வேண்டும். தர்ஷினியின் காடி பாதி மலையில் நின்றுவிடும். நின்றால்கூடப் பரவாயில்லை... பின்னால் உருண்டு வந்து கடலில் விழும். வகுப்புத் தோழிகள் எல்லோரும் உச்சிக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் தினமும் கடலில்.

ஜெட் இன்ஜின் இருந்தால் ஏறிவிடலாமாம். அது கடையில் கிடைக்காது. கோட் என்கிற ரகசிய எண்ணைப் போட்டால் பரிசாக வரும். எங்கே இருக்கிறது அந்தக் கோட்? இன்டர்நெட்டில்தான் தேட வேண்டும். தேடினோம். ‘புத்தம் புதிய கோட்கள்’ என்று பக்கத்துக்குப் பக்கம் கூவுகிறார்கள். போட்டுப் பார்த்தால் எல்லாம் காலாவதி. ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட நான் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் – என் மேனேஜர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

அப்போதுதான் லகாட்டிலிருந்து என் அண்ணன் சேகர் வந்தார். மருமகளுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு பொம்மைக் காடி. பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை. சுரண்டினால் கோட். அந்தக் கேமின் கோட்! ஒரே ஒருவருக்குத்தான், ஒரே ஒரு தடவைதான் செல்லும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அதை யார் படித்தார்கள்?

தர்ஷினி குளித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில். அண்ணனுக்குக் கை சும்மா இருக்குமா? சுரண்டினார். சுரண்டியதோடு விட்டாரா? அதைப் படம் பிடித்து நாங்கள் வளர்ந்த தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். கூடவே ஒரு வரி: ‘பிள்ளைங்க கேம் கோட். வேணுங்கிறவங்க எடுத்துக்குங்க லா!’

தர்ஷினி தலையைக்கூடத் துவட்டாமல் ஓடி வந்து கோட்டை அடித்தாள். ‘ஏற்கனவே பயன்படுத்தப்பட்டது’ என்று வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே.

“ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?” என்று கத்தினேன்.

“வெறும் நம்பர்தானே மா. பார்த்து எழுதிக்கிட்டா தேஞ்சா போயிடும்னு நினைச்சேன்.”

“தேயாது. காணாமப் போயிடும்!”

“ஐயோ... எல்லாப் பிள்ளைங்களுக்கும் கிடைக்கட்டும்னுதான் மா போட்டேன்.”

அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. எல்லோருக்கும் கிடைக்கட்டும்... எங்கள் லயத்தில் வளர்ந்தவர் வேறு எப்படி யோசிப்பார்?

நாங்கள் பால்மரத் தோட்டத்துப் பிள்ளைகள், ரப்பர் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள். லயத்து வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும். பேப்பர் ஒன்றுதான் வரும். முதல் வீட்டில் தொடங்கி, கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சினிமாப் பக்கம் இருக்காது. ஒரு வீட்டில் டுரியான் பழம் உடைத்தால் மற்ற வீடுகளில் சோற்றுக்குத் தட்டு வைக்க மாட்டார்கள், முதலில் டுரியானுக்குக் காத்திருப்பார்கள். அண்ணன் சாடின் மீன் டின்னில் காடி செய்வார். பழைய சிலிப்பரை வட்டமாக வெட்டி நாலு சக்கரம். கயிற்றைக் கட்டியதுதான் தாமதம், இழுக்க வரிசை நின்றுவிடும். அவர் செய்த காடியை அவரே இழுத்து நான் பார்த்ததே இல்லை.

அப்படிப்பட்டவர் கையில் ‘ஒருவருக்கு மட்டும்’ என்று ஓர் அட்டையைக் கொடுத்தால் என்ன ஆகும்? இதுதான் ஆகும்!

தோட்டத்தை விற்றார்கள். பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்பு வந்தது. நாங்கள் ஈப்போ, தெலுக் இந்தான், ஆயர் தாவார் என்று சிதறிப்போனோம். மிச்சம் இருப்பது இந்தக் குரூப் மட்டும்தான். காலையில் ரோஜாப்பூ வணக்கம், எப்போதாவது ஒரு மரண அறிவிப்பு. அதற்குக் கும்பிடு படம் போடுவார்கள். எனக்கு அந்தக் கும்பிடுகளைப் பார்த்தால் சில நாள் அழுகையே வந்துவிடும். ஒரு காலத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தவர்கள் இவர்கள்.

சரி, திருட்டுக்கு வருவோம். நான் குரூப்பில் குரலைப் பதிவு செய்து அனுப்பினேன். “யாரு அந்தக் கோட்டை எடுத்தது? உங்க வீட்டுப் பிள்ளையாத்தான் இருக்கும். இங்க என் மக அழுறா. மரியாதையாச் சொல்லிடுங்க!”

வழக்கம்போலக் கும்பிடுகள் வந்தன. எரிச்சலாக இருந்தது.

சற்று நேரத்தில் போன் அடித்தது. ஆயர் தாவாரிலிருந்து பிலவேந்திரன் அண்ணே. எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளி இருந்தவர். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியே பிள்ளைகளை ஆளாக்கியவர்.

“விமலா... நாந்தான் மா எடுத்தேன்.”

“பேரப்பிள்ளைக்கா அண்ணே?”

“இல்ல மா. எனக்கு.”

அவரே சொன்னார். சர்க்கரையில் ஒரு கண் மங்கிவிட்டது. லைசென்ஸ் போச்சு. மகன் வீட்டுக் காடிச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டான். “வாசல்ல உக்காந்து போற வர காடிய எண்ணிக்கிட்டே கிடந்தேன். பைத்தியம் பிடிச்சிரும் போல இருந்துச்சு. மருமகதான் பெரிய டேப்லட்ல இதைப் போட்டுக் கொடுத்தா. நானும் அந்த மலையில ஏற முடியாமத்தான் மா கடல்ல விழுந்துக்கிட்டு இருந்தேன்.”

இதற்கு என்ன திட்டுவது? சொல்லுங்கள்.

“திருப்பிக் கொடுக்கலாம்னு பார்த்தேன், முடியல. பிள்ளைய கேம்ல வரச் சொல்லு. நான் காடிய கொண்டு வாரேன், அது ஓட்டட்டும்” என்றார்.

“அந்தத் திருட்டு அங்கிள் காடி எனக்கு வேணாம்” என்றாள் தர்ஷினி. போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. “சரிதான் மா, திருட்டு அங்கிள்தான். வா, வந்து ஓட்டு.”

கேமுக்குள் போனோம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்தேன், அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்றார். அடிவாரத்தில் ஒரு காடி காத்துக்கொண்டு நின்றது. அதைக் காடி என்று சொல்ல முடியாது. அசல் லோரி! முன்னால் இரண்டு சீட். பின்னால் ஜெட் இன்ஜின். ஓட்டுநர் சீட்டைக் காலியாக விட்டு, பக்கத்து சீட்டில் பிலவேந்திரன் அண்ணனின் பொம்மை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

தர்ஷினி ஏறினாள். நெருப்பைக் கக்கிக்கொண்டு லோரி கிளம்பியது. வழக்கமாக நிற்கும் இடம் தாண்டியது... அடுத்த வளைவும் தாண்டியது... உச்சி! அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அண்ணன் ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், அப்போதுதான் அவருக்கு மருமகளின் மன்னிப்புக் கிடைத்தது.

உச்சியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்கள். பிறகு தர்ஷினி, யாரும் சொல்லிக் கொடுக்காமல், போன் பக்கம் குனிந்து கேட்டாள்.

“அங்கிள், இறங்கும்போது நீங்க ஓட்டுறீங்களா?”

“ஓட்டவா மா?” என்றார். அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீட் மாறினார்கள்.

ஜெட் இன்ஜினை அணைத்துவிட்டு, குலை ஏற்றிய லோரியை இறக்குவதுபோல மெல்ல மெல்ல இறக்கினார். கியர் மாற்றும் சத்தத்தை வாயாலேயே போட்டார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் தவறாமல் ஹாரன்.

“அங்கிள், எதிர்ல யாருமே வரலையே!”

“வர மாட்டாங்க மா. ஆனாலும் நாம வாரோம்னு சொல்லணும்ல.”

இந்த வாரம் முழுக்க தர்ஷினி தனியாகத்தான் விளையாடுகிறாள். ஆள் இல்லாத மலையில், வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கிறாள்.