அட்டவணையில் வராத சேர்க்கை

நான் கணினிக்கு எதிரி அல்ல. எங்கள் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்கு பில் போடும் மென்பொருள் வந்தபோது, அதைச் சோதித்துக் கையெழுத்திடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவன். பார்க்காத எதிலும் கையெழுத்திட்டதில்லை என்பதுதான் அலுவலகத்தில் எனக்கிருந்த ஒரே பெருமை. சிலர் அதை வியாதி என்றார்கள். இரண்டாவது சோதனை அலுவலர் பக்கத்து நாற்காலிக்காரன். வேலையில் சேர்ந்த நாள்முதல் என்னோடு மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்தவன்.

பட்டா, பருத்தி கலந்ததா? வாங்குபவர் ரொக்கம் தருபவரா, சம்பளத்தில் தவணை பிடிக்கும் அரசு ஊழியரா? தள்ளுபடி உண்டா? புதிதாக வாங்குகிறாரா, வாங்கியதை மாற்றுகிறாரா? இப்படி இன்னும் எத்தனையோ கேள்விகள். எல்லாச் சேர்க்கையையும் போட்டுப் பார்த்தால் நான் ஓய்வு பெற்றுவிடுவேன். பெரும்பாலான பிழைகள் இரண்டு விஷயங்கள் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கும் என்று படித்திருந்தேன். எந்த இரண்டை எடுத்தாலும் ஏதாவதொரு வரியில் அவை சேர்ந்து வரும்படி சின்ன அட்டவணை போட்டேன். புடவையின் உடலுக்கு எந்த நிறம், கரைக்கு எந்த நிறம் என்று நாள் முழுக்கச் சேர்த்துப் பார்க்கும் ஊரில் இது பெரிய வித்தை இல்லை.

சோதனையில் ஒரு வரிகூடத் தவறவில்லை. கையெழுத்திட்டேன்.

தீபாவளி விற்பனையில் ஓர் ஆசிரியை, தவணையில் வாங்கிய பட்டுப் புடவையை மாற்ற வந்தார். பில்லில் இரண்டு புடவை விழுந்தது.

"ஒண்ண குடுத்துட்டு ஒண்ண எடுத்துக்கினு போறேன். ரெண்டுக்கும் சம்பளத்துல புடிப்பீங்களா? இத சரின்னு சொன்னவரு யாரு, கூப்பிடுங்க."

நான்தான் போனேன்.

தவணையும் மாற்றுவதும் என் அட்டவணையில் சந்தித்திருந்தன, பருத்தி வரியில். அங்கே சரியாக வந்தது பட்டுக்கு ஏன் வரவில்லை? மென்பொருளை எழுதிய கம்பெனிப் பையனிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"சார், உங்க டேபிள்ல இருந்த வரியெல்லாம் கரெக்டா வருதே! அதுக்குத்தானே உங்க பக்கத்து சீட்டு சார் டேபிள முன்னாடியே எங்களுக்கு அனுப்பினாரு?"

அந்த வரிகளுக்கு மட்டும் மென்பொருளுக்கு விடை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எதோடு எது சேரும் என்று யோசித்த நான், பக்கத்து நாற்காலியும் கம்பெனியும் சேரும் என்று யோசிக்கவில்லை.

"நீ நோண்டிக்கினே இருந்தா தீபாவளியே முடிஞ்சிடும்பா. உன் நிம்மதிக்குத்தான் குடுத்தேன்" என்றான் அவன்.

ஒப்புதலைத் திரும்பப் பெற விதி உண்டு. எனக்குத் தெரியாத விதியா? இரண்டு சோதனை அலுவலர்களும் சேர்ந்து எழுதித் தரவேண்டும். எழுதி அவன் மேஜையில் வைத்தேன். டிபன் டப்பாவைத் திறந்தபடி, "முதல்ல சாப்புடு வா, அப்புறம் பாக்கலாம்" என்றான்.

நான் ஓய்வு பெறும்வரை அவன் பார்க்கவில்லை. என் கையெழுத்து இன்னும் அங்கேதான் இருக்கிறது.