அடுப்பைப் பாருங்க அண்ணி

எடுத்த எடுப்பில் ஸ்வெட்டரை மூக்கிடம் கொண்டுபோக மாட்டாள். முதலில் கன்னத்தில் வைப்பாள். ஜில்லென்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அடுத்து மணிக்கட்டின் உள்பக்கம். கடைசியில்தான் மூக்கு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. கொண்டுவந்தவர் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். "அக்குள் ஓரம் காயறதுக்குள்ள மடிச்சு உள்ள வச்சிட்டீங்க. அதான் பூசணம் புடிச்சிருக்கு" என்பாள். வாடிக்கையாளர்களுக்கு அவள் மூக்கக்கா. அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வதில்லை. சோறு போடுவதே அந்த மூக்குதானே.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தால் போதும், அலமாரியைத் திறந்து முகம் சுளித்தவர்கள் எல்லோரும் வாசலில் வந்து நிற்பார்கள். கம்பளிகள், திரைச்சீலைகள், மெத்தை உறைகள், கரடி, முயல், யானைப் பொம்மைகள். துணிக்குச் சமையல் சோடாவைத் தூவிப் பையில் கட்டி ஒரு நாள் வைப்பாள். பிறகு உதறி, வினிகர் கலந்த தண்ணீரில் அலசி, மாடி வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைப்பாள். வாசனைத் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிறவர்களைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஆகாது. "குளிக்காம பவுடர் பூசின மாதிரி இருக்கு. நாத்தம் ஒளிஞ்சுக்குமே தவிர எங்கயும் போவாது" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள்.

பொம்மை விஷயம் வேறு. வெளியே எத்தனை முறை குளிப்பாட்டினாலும் நாற்றம் வயிற்றுக்குள்தான் குடியிருக்கும். முதுகுத் தையலைப் பிரித்து, பஞ்சை எடுத்துக் கூடையில் பரப்பி, வெறும் தோலை உள்புறம் வெளியே வரத் திருப்பிக் கொடியில் போடுவாள். ஒருமுறை கரடிக்குச் சொந்தக்காரி, நாலு வயதுக்காரி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டாள். தன் கரடி தொங்கிய கோலத்தைப் பார்த்து அவள் வைத்த ஒப்பாரியில் அக்கம்பக்கத்து ஜன்னலெல்லாம் திறந்தன. அன்று முதல் பொம்மைக் கொடிக்கு முன்னால் ஒரு போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறாள்.

இப்பேர்ப்பட்ட மூக்கு, போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் விட்டது, வாசனை திரும்பவில்லை. வெங்காயமும் ஒன்றுதான், சோப்பும் ஒன்றுதான். "வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்று டாக்டர் கையை விரித்தார். கட்டிய புருஷனிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை. கன்னமும் மணிக்கட்டும் ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும்; ஆனால் சருகாய்க் காய்ந்த துணியிலும் பூசண நாற்றம் ஒட்டிக்கொண்டிருக்கும், அது மூக்குக்குத்தான் தெரியும். அப்படித்தான் ஒரு போர்வை திரும்பி வந்தது. "என்னக்கா, மூக்கு அடைச்சிருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார் அதன் சொந்தக்காரர். யானைக்கும் அடி சறுக்கும் என்று அவர் விட்டுவிட்டார். இன்னொரு தடவை சறுக்கினால் பிழைப்பு போய்விடும் என்று அக்காவுக்குத் தெரியும்.

வீட்டில் நாத்தனார் ஒருத்தி உண்டு. தாலி கட்டியவனோடு ஒத்துவராமல், ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வந்த புதிதில் அக்கா வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டது. "வேலைக்கு ஒரு கை கூடல, சாப்பாட்டுக்கு ஒரு வாய் கூடிடுச்சு." கதவுக்குப் பின்னால் நின்றவள் காதில் அது விழுந்தது. அன்றிலிருந்து இரண்டாம் முறை சோறு போடப் போனால் நாத்தனார் தட்டைக் கையால் மறைத்துக்கொள்வாள். "போதும் அண்ணி." அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்குச் சுருக்கென்றிருக்கும். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் வழி தெரியவில்லை.

குட்டை உடைத்தது பால்தான். ஒரு நாள் அக்கா சமையலறை வாசலிலேயே உட்கார்ந்து முயலுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து ஓடிவந்தாள் நாத்தனார். "அண்ணி! பால் அடிப்புடிச்சுத் தெருவே நாறுது, பக்கத்துல உக்காந்துகிட்டு என்ன பண்றீங்க?" அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியவள் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. குத்திக்காட்ட அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அவள் கருகிய பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள். மறுநாள் காலை பட்டறைக்கு வந்து, மடித்திருந்த கம்பளிகளில் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். "இது இன்னும் போகல அண்ணி."

அப்புறம் இருவரும் சேர்ந்து ஒரு நாடகம் கட்டினார்கள். வாடிக்கையாளர் முன்னால் அக்கா வழக்கம்போல் கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுப்பாள். மடித்துக் கொடுக்கும் சாக்கில் நாத்தனார் அதை வாங்கிக்கொள்வாள். நாற்றம் போயிருந்தால் பேசாமல் பையில் வைப்பாள். போகாவிட்டால், "அண்ணி, அடுப்பைப் பாருங்க" என்பாள். அக்கா உள்ளே ஒரு நடை போய்வந்து, "இதுக்கு இன்னும் ஒரு வெயில் வேணும்" என்று தீர்ப்புச் சொல்வாள். எலியும் பூனையுமாக இருந்தவர்கள் இப்படி ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கேட்டால் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். நாத்தனாரும் இப்போதெல்லாம் தட்டை மறைப்பதில்லை. "இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணி" என்று தானே நீட்டுகிறாள்.

சென்ற வாரம் குழந்தைகள் காப்பகத்து அம்மாள் வந்திருந்தாள். பொருள் போட்டு வைக்கும் அறை ஒழுகி, ஒரு மூட்டைப் பொம்மைகள் நனைந்து, இங்கே வந்து சேர்ந்திருந்தன. "யானையக் குடுத்தாதான் தூங்குவோம்னு அடம் புடிக்குதுங்க. இன்னிக்கே வேணும்க்கா." மற்றவையெல்லாம் பைக்குள் போய்விட்டன. மிச்சம் அந்தச் சாம்பல் நிற யானை. கன்னத்தில் வைத்தாள், ஈரமில்லை. மணிக்கட்டில் வைத்தாள், இல்லை. நாடகத்துக்காகக் கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்தாள்.

சுள்ளென்று ஏறியது. பழைய சாக்கு நாற்றம், காதின் மடிப்புக்குள்ளிருந்து. பிரமையோ என்று இன்னொரு முறை இழுத்தாள். அதேதான். அதற்கும் பின்னால், அந்த அம்மாளின் கைப்பையில் உரித்த ஆரஞ்சு. கண்ணோரத்தை யானையின் முதுகில் ஒற்றிக்கொண்டாள். பூசண நாற்றத்துக்கு ஆனந்தக் கண்ணீர் விட்டவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். 'வந்துடுச்சுடி!' என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது.

நாத்தனார் தன் முறைக்காகக் கையை நீட்டியபடி பக்கத்தில் நின்றாள். அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். தட்டை மறைத்த அதே கை. வாயைத் திறந்தால் அது மறுபடியும் தட்டின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளுமோ என்று பயமாக இருந்தது.

யானையை அந்தக் கையில் வைத்தாள். நாத்தனார் மடிப்பைத் தடவும் சாக்கில் முகத்தருகே கொண்டுபோனாள்.

"அண்ணி, அடுப்பைப் பாருங்க."

"அடடா, மறந்தே போயிட்டேன் பாரு" என்று முழங்காலில் கையூன்றி எழுந்து, காலையிலேயே அணைத்துவிட்ட அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள் மூக்கக்கா.